கடல் கடந்தாலும் கூலி கூலிதான்!

(மல்லசமுத்திரத்தில் மில் தொழிலாளரும் விவசாயத் தொழிலாளரும் கூடிய கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



பருத்தி ஏலம் நடக்கிற ஊர் இது. வியாபாரி மூட்டையில் கைவிட்டு ஒரு பிடி பஞ்சை எடுக்கிறார், விரலில் இழுத்துப் பார்க்கிறார், விலையை எழுதிப் போடுகிறார். வெயிலில் நின்று விளைவித்தவன் பக்கத்திலே நின்று பார்த்துக்கொண்டிருக்கிறான். இது உங்களுக்குப் புதிய காட்சி அல்ல. இன்றைக்கு நாம் பேச வந்திருப்பது பஞ்சைப் பற்றி அல்ல. நீங்கள் வயிற்றைக் கட்டி, வாயைக் கட்டிப் படிக்க வைத்த பிள்ளைகளின் படிப்பு எப்படி ஏலம் போகிறது என்பதைப் பற்றி.

"மில்லில் நூல் பிடிக்கிறவனுக்கும் காட்டில் களை பறிக்கிறவளுக்கும் வெளிநாட்டு இங்கிலீஷ் பள்ளிக்கூட வாத்தியார் சங்கதி எதற்கு?" என்று சில தோழர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் அந்தச் சங்கதியோடு நம் சங்க ஆபீசின் படியேறி வந்தவர்கள் மிட்டா மிராசுகள் அல்ல. குச்சிக்கிழங்கு பிடுங்கிக் கூலி வாங்குகிற வீட்டார் வந்தார்கள். தறிப்பட்டறைக்காரர் வந்தார். ஸ்பின்னிங் மில்லில் ராச்சிப்டு பார்க்கிற அம்மாள் வந்தார். அவர்கள் கையில் இங்கிலீஷில் அச்சடித்த காகிதம். "பெண் பி.ஏ. இங்கிலீஷ், பி.எட். முடித்திருக்கிறாள். வெளிநாட்டில் பத்து ஊரில் கிளை வைத்திருக்கிற இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் வேலையாம். ஏஜெண்டு பணம் கேட்கிறான். அனுப்பலாமா, வேண்டாமா?" என்பது அவர்கள் கேள்வி.

நாமும் பத்தாவது பாஸ் செய்தவர்கள்தாம், பெரிய படிப்பு இல்லை. அகராதியை வைத்துக்கொண்டு காகிதத்தை வாசித்தோம். அது போதாதென்று, இங்கே தனியார் பள்ளிகளில் வேலை பார்க்கிறவர்களையும் வெளிநாடு போய் வந்தவர்களையும் தேடிப் போய் அபிப்பிராயம் கேட்டோம். கேட்டதை உங்கள் முன் வைக்கிறோம்.

நம் ஜில்லாவின் சரக்கு

1997இல் சேலத்திலிருந்து பிரிந்த நாமக்கல் ஜில்லாவுக்கு ஊரெல்லாம் பெயர் உண்டு. முட்டைக்குப் பெயர், லாரிக்குப் பெயர், திருச்செங்கோட்டு ரிக் வண்டிக்குப் பெயர். இவற்றோடு இன்னொரு பெயரும் சேர்ந்தது, அதுதான் பிளஸ் டூ மார்க். தமிழ்நாட்டின் நாலாபக்கத்திலிருந்தும் பிள்ளைகளைக் கொண்டுவந்து இங்குள்ள விடுதிப் பள்ளிகளில் தள்ளினார்கள். ஜனங்களே அவற்றுக்குப் பொருத்தமான பெயரையும் வைத்தார்கள்: பிராய்லர் பள்ளி! கூண்டில் அடைத்து, விளக்கைப் போட்டு, தீனி வைத்து, எடை ஏற்றி அனுப்புகிற வித்தை.

அந்தக் கூண்டில் பிள்ளைகள் மட்டுமா இருக்கிறார்கள்? ஒரு ஆசிரியை நம்மிடம் சொன்னார்: "காலை ஸ்டடிக்கு ஆறு மணிக்கு நிற்க வேண்டும். ராத்திரி ஸ்டடி முடிய ஒன்பது. சம்பளம் மட்டும் எட்டு மணி நேரத்துக்கு." இன்னொருவர் சொன்னார்: "சித்திரை வெயிலில் வீடு வீடாகப் போய்ப் பிள்ளை பிடிக்க வேண்டும். இத்தனை அட்மிஷன் என்று கணக்கு. குறைந்தால் சம்பளத்தில் கை வைப்பார்கள்." மூன்றாமவர் சொன்னார்: "என்னுடைய அசல் சர்டிபிகேட்டுகள் நிர்வாகத்தின் பீரோவில் இருக்கின்றன. நான் எங்கே ஓடுவேன்?"

மூன்று வருஷம் முடிந்தால் மொத்தமாகப் பணம் தருகிறோம் என்று சுமங்கலித் திட்டம் வைத்துப் பெண் பிள்ளைகளை ஹாஸ்டலில் பூட்டிய மில்களை நீங்கள் அறிவீர்கள். பீரோவில் பூட்டிய சர்டிபிகேட்டுக்கும் அந்தப் பூட்டுக்கும் என்ன வித்தியாசம்?

2020இல் கொரோனா முடக்கம் வந்தபோது இந்த வாத்தியார்களின் கதி என்ன? பள்ளி மூடியது, பல இடங்களில் சம்பளம் பாதியானது, சில இடங்களில் அடியோடு நின்றது. பட்டம் வாங்கியவர்கள் நூறு நாள் வேலைக்கு மண்வெட்டி தூக்கினார்கள். உங்கள் பக்கத்து வரிசையில் நின்று மண் வெட்டியவர்கள் அவர்கள். அப்போது நீங்கள் அவர்களை வேறு ஜாதியாக நினைத்தீர்களா? இல்லை. கூலிக்காரர் கூலிக்காரரை அடையாளம் கண்டுகொண்டார்.

இந்த நிலையில்தான் ஏஜெண்டு வருகிறான். "இங்கே வாங்குவதைப்போல் நாலு பங்கு, ஐந்து பங்கு" என்கிறான். போகலாம் என்று அந்தப் பெண் நினைப்பதில் ஒரு குற்றமும் இல்லை. வயிறு தள்ளுகிறது, கால் நடக்கிறது. நம் பாட்டன்மார் கங்காணியை நம்பி இலங்கைக்கும் மலேயாவுக்கும் கப்பலேறியதும் இப்படித்தான். ஏறுகிற கப்பல் எப்படிப்பட்டது என்று தெரிந்துகொண்டு ஏற வேண்டும் என்பதே நம் பேச்சு.

ஜப்பானில் நடந்தது

கிளை மேல் கிளை வைத்து இங்கிலீஷ் விற்கிற கம்பெனிகளுக்கு ஜப்பான் பேர்போன நாடு. அங்கே 1981இல் ஒஸாகாவில் தொடங்கிய நோவா என்ற கம்பெனி நாட்டிலேயே பெரிய இங்கிலீஷ் பள்ளிச் சங்கிலியாக வளர்ந்தது. பல நாடுகளிலிருந்து வந்த ஆயிரக்கணக்கான ஆசிரியர்கள் அங்கே வேலை பார்த்தார்கள். ஒரு பாடம் 40 நிமிஷம், ஒரு சின்னத் தடுப்புக்குள் சில மாணவர்கள். மணி அடித்தால் அடுத்த கூட்டம். தறியில் நாடா ஓடுகிற மாதிரிதான்.

மாணவர்களிடம் வருஷக்கணக்கான பாடத்துக்குப் பணத்தை முன்கூட்டியே வாங்கி, அந்தப் பணத்தைக் கொண்டு புதிய கிளைகள் திறந்தார்கள். பாடத்தை நிறுத்திக்கொள்ளுகிறவர்களுக்குப் பணம் திருப்பித் தருவதில் ஏமாற்று நடந்ததென்று 2007 ஜூனில் அந்நாட்டு சர்க்கார் நீண்டகால ஒப்பந்தங்களுக்குத் தடை போட்டது. முன்பணம் நின்றதும் மாளிகை ஆடியது. சம்பளம் முதலில் தாமதம், பிறகு நிறுத்தம். 2007 அக்டோபரில் கம்பெனி கோர்ட்டில் மஞ்சள் கடுதாசி கொடுத்தது.

கவனியுங்கள், தோழர்களே! பல ஆசிரியர்கள் குடியிருந்த வீடு கம்பெனி ஏற்பாடு செய்த வீடு. வாடகையைச் சம்பளத்தில் பிடித்துக்கொண்டார்கள், வீட்டுக்காரனுக்குக் கட்டவில்லை. சம்பளமும் இல்லை, வீடும் இல்லை. அந்நிய ஊரில் சோற்றுக்குப் பாடம் சொல்லும் நிலைக்கு வந்தார்கள். அதையும் ஒழுங்காக நடத்திக் கொடுத்தது தொழிற்சங்கம்தான்: சோறு போடுகிறவர்களுக்குப் பாடம் என்று பட்டியல் போட்டு உதவியது. நோவாவின் தலைவர் ஊழியர் நல நிதியைத் திருப்பிவிட்ட குற்றத்துக்காக 2009இல் தண்டிக்கப்பட்டார். தொழிலாளி கேட்டுப் பெற்ற சட்டம் அந்நாட்டில் இருந்ததால், திவாலான கம்பெனியின் பாக்கிச் சம்பளத்தில் நூற்றுக்கு எண்பது வரை சர்க்கார் கொடுக்க வழி இருந்தது. சட்டமும் சங்கமும் இல்லாத இடத்தில் இதே மாதிரி நடந்தால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள்.

இன்னொரு தந்திரம். வாரத்துக்கு முப்பது மணி நேர அளவில் வேலை பார்த்தால் சமூகக் காப்புறுதியில் கம்பெனி பணம் கட்ட வேண்டும் என்று அங்கே ஒரு கணக்கு இருந்தது. அதற்காகவே 29½ மணி நேரம் என்று ஒப்பந்தம் எழுதின கம்பெனிகள் உண்டு. பாடம் நடத்தும் நேரம் மட்டும் வேலை, தயாரிப்பு வேலை அல்ல, இடைவேளையில் காத்திருப்பது வேலை அல்ல! 240 நாள் நிறையாமல் ஆளை நிறுத்தி மறுபடி புதிதாகச் சேர்க்கிற வித்தையை நம்மூர் மில்காரர் அறிவார். அந்த அரை மணியும் இந்த 240ஆம் நாளும் ஒரே பள்ளியில் படித்த பாடம்.

அங்கே போராட்டமும் நடந்தது. பெர்லிட்ஸ் என்ற கம்பெனியின் டோக்கியோ ஆசிரியர்கள் 2007 டிசம்பரில் 4.6 சதவீத உயர்வும் ஒரு மாத போனசும் கேட்டு வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். ஒரே நாளில் எல்லாரும் வெளியேறவில்லை. இன்று இந்தக் கிளையில் ஒரு பாடம், நாளை அந்தக் கிளையில் இரண்டு பாடம் என்று மாதக்கணக்கில் நிறுத்தினார்கள். கம்பெனி என்ன செய்தது? சங்கத்தின் மீதும் அதன் நிர்வாகிகள் மீதும் 11 கோடி யென் நஷ்டஈடு கேட்டு வழக்குப் போட்டது. 2012 பிப்ரவரியில் டோக்கியோ கோர்ட் வழக்கைத் தள்ளிவிட்டது. அந்த வருஷக் கடைசியில் சமரசம் ஏற்பட்டது. பல நாட்டவர், பல பாஷைக்காரர் ஒரே சங்கத்தில் நின்றதால் கிடைத்த பலன் அது.

இது ஜப்பானோடு போகவில்லை. 2018 டிசம்பரில் அயர்லாந்தின் டப்ளின் நகரத்தில் கிராப்டன் காலேஜ் என்ற இங்கிலீஷ் பள்ளி திடீரென்று மூடப்பட்டது. ஆசிரியர்கள் கட்டடத்துக்குள்ளேயே உட்கார்ந்து சம்பளம் கேட்டுப் போராடினார்கள். சீனத்தில் 2021 ஜூலையில் பள்ளிப் பாடங்களுக்கான டியூஷனில் லாபம் எடுக்கக் கூடாதென்று சர்க்கார் உத்தரவு போட்டது. வெளிநாட்டில் இருப்பவர்களைக் கொண்டு இணையத்தில் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துவதற்கும் தடை வந்தது. அடுத்த மாதமே, பெரியவர்களுக்கு இங்கிலீஷ் கற்பித்த வால் ஸ்ட்ரீட் இங்கிலீஷ் என்ற சங்கிலியின் சீனக் கிளைகளும் மூடப்பட்டன. கல்வியில் கொள்ளை லாபம் கூடாது என்பது சரியான கொள்கை. ஆனால் லாபம் வந்த நாளில் பங்கு பெறாத ஆசிரியர், நஷ்டம் வந்த நாளில் முதலில் தெருவில் நிற்கிறார். சந்தை உயர்ந்தாலும் சரிந்தாலும் அடி உழைக்கிறவனுக்கே.

போய் வந்தவர்கள் சொன்னது

நம் ஜனங்கள் அதிகமாகப் போவது வளைகுடா நாடுகளுக்கும் மாலத்தீவுக்கும். போய் வந்த எல்லாரும் அழுதுகொண்டு வரவில்லை. அதை மறைத்துப் பேசினால் நீங்களே நம்மை நம்பமாட்டீர்கள். மாலத்தீவில் வேலை பார்த்த ஒரு ஆசிரியர் சொன்னார்: "சின்னத் தீவு. கடலும் தனிமையும்தான் துணை. ஆனால் வாத்தியார் என்றால் மரியாதை, மாதம் பிறந்தால் சம்பளம். அப்பன் பட்ட கடனை அடைத்தேன், தங்கைக்குக் கல்யாணம் செய்தேன்." இது உண்மை. நாம் அதை மதிக்கிறோம்.

வளைகுடாவில் ஒரு தனியார் சங்கிலிப் பள்ளியில் இருந்த அம்மாள் வேறு கதை சொன்னார்: "ஒரே வகுப்பு, ஒரே பாடம். வெள்ளைக்கார நாட்டு பாஸ்போர்ட் வைத்திருக்கிறவருக்கு ஒரு சம்பளம், எனக்கு ஒரு சம்பளம். பாஸ்போர்ட்டை ஆபீசில் வாங்கி வைத்துக்கொண்டார்கள். நடுவிலே நிற்க வேண்டுமென்றால் டிக்கெட் காசும் விசாக் காசும் கட்டிவிட்டுப் போ என்றார்கள்." ஐக்கிய அரபு நாடுகளில் 2009 முதல் சம்பளத்தை வங்கி வழியாகவே கொடுக்க வேண்டுமென்று ஏற்பாடு இருக்கிறது. நல்லதுதான். ஆனால் அங்கேயும் சவுதியிலும் தொழிற்சங்கம் கட்ட முடியாது, வேலைநிறுத்தம் செய்ய முடியாது. குறை இருந்தால் தனி ஆளாக நின்று மனுக் கொடுக்க வேண்டும்.

மார்க்ஸ் 1867இல் வெளியிட்ட மூலதனம் முதல் தொகுதியில் ஒரு பள்ளி வாத்தியாரை உதாரணமாக எடுத்துக்கொள்கிறார். முதலாளி தன் பணத்தைத் தின்பண்ட ஆலையில் போட்டாலும் பாடம் சொல்லும் ஆலையில் போட்டாலும், உள்ளே உழைக்கிறவனுக்கும் அவனுக்கும் உள்ள உறவு ஒன்றுதான் என்பது அதன் சாரம். அவர் இன்று நாமக்கல் ரோட்டில் வந்திருந்தால் கோழிப்பண்ணையைக் காட்டிச் சொல்லியிருப்பார்!

வாத்தியார் தொழிலாளி இல்லையாம்!

சரி, நம் நாட்டுச் சட்டம் என்ன சொல்கிறது? 1988இல் சுந்தராம்பாள் என்ற ஆசிரியையின் வழக்கில் சுப்ரீம் கோர்ட் தீர்ப்புச் சொன்னது: பள்ளிக்கூடம் தொழிற்சாலைபோல் ஒரு 'தொழில்'தான், ஆனால் அதில் கற்பிக்கிறவர் 1947ஆம் வருஷத் தொழிற்தகராறுச் சட்டப்படி 'தொழிலாளி' அல்ல! பள்ளியின் வண்டி ஓட்டுகிறவர் லேபர் ஆபீசருக்கு மனுக் கொடுக்கலாம், வண்டியில் வந்த பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லுகிறவர் கொடுக்க முடியாது. 2025 நவம்பர் 21 முதல் அந்தச் சட்டத்தின் இடத்தில் தொழில் உறவுத் தொகுப்பு வந்திருக்கிறது. அதில் பத்திரிகையாளரையும் விற்பனை ஊழியரையும் பெயர் சொல்லிச் சேர்த்தார்கள். ஆசிரியரைச் சேர்க்கவில்லை. தருமம் செய்யும் ஸ்தாபனங்கள் 'தொழில்' அல்ல என்று வேறு ஒரு கதவைத் திறந்து வைத்திருக்கிறார்கள். தனியார் பள்ளிகள் டிரஸ்டு என்றும் சங்கம் என்றும்தானே பதிவாகியிருக்கின்றன?

ஆனால் போராடிப் பெற்றதும் உண்டு. ஆசிரியருக்குப் பணிக்கொடை கிடையாது என்று 2004இல் தீர்ப்பு வந்தது. ஆசிரியர்கள் சும்மா இருக்கவில்லை. 2009இல் சட்டம் திருத்தப்பட்டு, 1997 ஏப்ரல் 3 முதல் செல்லும் என்று ஆனது. தனியார் பள்ளி முதலாளிகள் அதை எதிர்த்துச் சுப்ரீம் கோர்ட் போனார்கள். 2022 ஆகஸ்டில் தோற்றார்கள். ஐந்து வருஷம் வேலை செய்த ஆசிரியருக்கு, வருஷத்துக்குப் பதினைந்து நாள் சம்பளம் என்ற கணக்கில் பணிக்கொடை உண்டு. இருபது பேர் வேலை செய்யும் பள்ளியில் வைப்பு நிதி உண்டு. கேட்டால்தான் கிடைக்கும்.

"வாத்தியார் சம்பளம் உயர்ந்தால் பீஸ் ஏறுமே?" என்று ஒரு தாய் கேட்டார். கணக்குக்காக வைத்துக்கொள்வோம். வகுப்பில் 40 பிள்ளைகள், பிள்ளைக்கு வருஷம் 30,000 ரூபாய். மொத்தம் 12 லட்சம். அந்த வகுப்புக்கு மாதம் 12,000 ரூபாயில் இரண்டு ஆசிரியர் என்றால் வருஷத்துக்கு 2,88,000. மிச்சம் 9,12,000. கட்டடம், கரண்டு, ஆயா, வேன் எல்லாம் கழியுங்கள். அதற்குப் பிறகும் புதுக் கட்டடமும் புதுக் கிளையும் எங்கிருந்து முளைக்கின்றன? பீஸை ஏற்றுவது வாத்தியார் சம்பளம் அல்ல, முதலாளியின் அடுத்த கிளை.

கேரளம் காட்டிய வழி

ஒரு காலத்தில் மலையாள நாட்டில் தனியார் பள்ளி ஆசிரியர்கள் ஒரு தொகைக்குக் கையெழுத்துப் போட்டு வேறு தொகை வாங்கினார்கள். நிர்வாகி நினைத்தால் வேலை, முறைத்தால் வீடு. 1957இல் அமைந்த இ.எம்.எஸ். மந்திரிசபையில் கல்வி மந்திரியான ஜோசப் முண்டசேரி ஒரு மசோதா கொண்டுவந்தார். உதவி பெறும் பள்ளி ஆசிரியருக்குச் சம்பளம் நிர்வாகியின் கையால் அல்ல, சர்க்கார் கஜானாவிலிருந்து நேராக! இஷ்டம்போல் வேலைநீக்கம் கூடாது! இதைப் பொறுக்காதவர்கள் கிளர்ச்சியைக் கிளப்பினார்கள். 1959 ஜூலை 31இல் அந்த மந்திரிசபையை மத்திய சர்க்கார் கலைத்தது. ஆட்சியைக் கலைத்தார்கள், ஆனால் ஆசிரியர் சம்பளத்தை நிர்வாகியின் கைக்கு மறுபடி கொண்டுபோக முடியவில்லை. ஒருமுறை ஜனங்கள் பெற்ற உரிமையைப் பிடுங்குவது அவ்வளவு சுலபமல்ல.

"வாத்தியார்கள் நம் போராட்டத்துக்கு வருகிறார்களா?" என்று கேட்கிற தோழர்களுக்கு ஒரு வார்த்தை. 2003 ஜூலையில் தமிழ்நாட்டில் ஆசிரியரும் அரசு ஊழியரும் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்களை ஒரு பேனாக் கீறலில் வேலைநீக்கம் செய்தார்கள். அவர்களுக்காகச் சுப்ரீம் கோர்ட் வரை போன வழக்கின் பெயர் என்ன தெரியுமா? தொழிற்சங்கத் தலைவர் டி.கே.ரங்கராஜன் பெயரில் போன வழக்கு. வேலைநிறுத்தம் அடிப்படை உரிமை அல்ல என்று அந்தக் கோர்ட் சொன்னது. அது வாத்தியாருக்கு மட்டும் விழுந்த அடியா? மில் வாசலில் நிற்கிற உங்களுக்கும் விழுந்த அடி. அடி பொதுவென்றால் சங்கமும் பொதுவாகத்தான் இருக்க வேண்டும்.

என்ன செய்வது?

அனுப்பலாமா, வேண்டாமா என்று கேட்ட வீட்டாருக்கு நாம் சொல்லுவது இதுதான்.

முதலாவது, ஏஜெண்டு மத்திய சர்க்காரில் பதிவு செய்தவனா என்று பாருங்கள். பதிவு செய்த ஏஜெண்டும் 30,000 ரூபாயும் அதன்மேல் வரியும் தவிர வாங்கக் கூடாது. ரசீது இல்லாமல் ஒரு காசு கொடுக்காதீர்கள்.

இரண்டாவது, சுற்றுலா விசாவில் ஏறாதீர்கள். "போன பிறகு மாற்றிக்கொள்ளலாம்" என்பவன் பேச்சைக் கேட்காதீர்கள்.

மூன்றாவது, ஒப்பந்தத்தை வரி வரியாக வாசிக்கச் சொல்லுங்கள். பாடம் நடத்தும் மணிக்கு மட்டும் கூலியா, இருக்கும் நேரம் முழுவதற்குமா? விடுமுறை மாதத்துக்குச் சம்பளம் உண்டா? வீடு யார் பெயரில்? திரும்பும் டிக்கெட் யார் பொறுப்பு? நடுவில் நின்றால் என்ன தண்டம்?

நான்காவது, பாஸ்போர்ட் 1967ஆம் வருஷச் சட்டப்படி இந்திய சர்க்காரின் சொத்து, பள்ளி முதலாளியின் சொத்து அல்ல. நகல் கொடுக்கலாம், அசலை அடகு வைக்கக் கூடாது. சர்டிபிகேட்டுக்கும் அதே விதி.

ஐந்தாவது, பத்தாவது தேறாதவர் சில நாடுகளுக்குப் போகும்போது சர்க்கார் அவருடைய ஒப்பந்தத்தைப் பரிசோதித்து அனுமதி கொடுக்கிறது. பட்டம் வாங்கியவருக்கு அந்தப் பரிசோதனை இல்லை. படித்தவர் தம்மைத் தாமே காத்துக்கொள்வார் என்று எண்ணம்! ஆகவே காகிதத்தைச் சங்க ஆபீசுக்குக் கொண்டு வாருங்கள். சேர்ந்து வாசிப்போம்.

போகிறவர்களைக் காப்பது பாதி வேலை. போக வேண்டிய நிர்ப்பந்தத்தை ஒழிப்பது மீதி வேலை. சர்க்கார் பள்ளிகளில் காலியிடங்களை நிரப்பச் சொல்லிக் கேட்பது நம் வேலை. தனியார் பள்ளி ஆசிரியரைச் சட்டம் தொழிலாளி என்று ஒப்புக்கொள்ளும்படி செய்வது நம் வேலை. சர்டிபிகேட்டைப் பூட்டி வைக்கிற பீரோவைத் திறக்கச் செய்வது நம் வேலை. அந்தப் பெண் தனியாகப் போய்க் கேட்டால் மறுநாள் வேலை இருக்காது. மில்லும் காடும் அவள் பின்னால் நின்று கேட்டால் நிர்வாகி நாற்காலியைப் போட்டு உட்காரச் சொல்லுவார்.

அடுத்த ஞாயிறு சங்க ஆபீசில் தனியார் பள்ளி ஆசிரியர்களின் முதல் கூட்டம். உங்கள் வீட்டில், உங்கள் தெருவில் இருக்கிற ஆசிரியரைக் கையோடு அழைத்து வாருங்கள். வெளியே பெயர் தெரியுமே என்று பயந்தால், பெயர் எழுத வேண்டாம், வந்து உட்கார்ந்தால் போதும் என்று சொல்லுங்கள்.

பாடம் சொல்லும் கையும் பஞ்சு நூற்கும் கையும் களை பறிக்கும் கையும் ஒன்று சேரட்டும்!